எங்கள் வீட்டில் கை கொடுக்கும் விதம்

கம்பத்தில் எங்களுக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை. பெரும்பாலும் நான்தான் கடையில் இருப்பேன். ஷட்டரைத் தூக்கும் முன்பே திராட்சைக்காரர்கள் பிளாஸ்டிக் பையில் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். மேல்பக்கம் வெள்ளை படர்ந்திருந்தால் சாம்பல் நோய். அடிப்பக்கம் பூத்திருந்தால் அடிச்சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்துவிட்டால் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். ஓர் இலைக்கு இவ்வளவு மரியாதை தரத் தெரிந்த ஊரில், என் மகனை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்று வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் உதறுவான். யார் முகத்தையும் பார்க்கமாட்டான். அவ்வளவு போதும், பக்கத்து ஜவுளிக்கடைக்காரர்கூட டாக்டர் ஆகிவிட்டார். "ஆட்டிசம்மா, எங்க சகலை மகனுக்கும் இதான்" என்றார். காரணமும் அவரே சொன்னார்: போன். நான் கடையில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை கையில் போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம். அதுவரை என் மகன் அந்தப் போனைக் கடித்துப் பார்த்ததோடு சரி.

தேனியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். அங்கிருந்த டீச்சருக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "லுக் அட் மீ, லுக் அட் மீ" என்பார். அவர் திருப்பத் திருப்ப இவன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். கடித்துக் கடித்து அந்த இடம் காய்த்தே போய்விட்டது. டீச்சர் நோட்டில் 'அடம்' என்று எழுதினார். அடுத்த வரியில் 'பிறரிடம் ஆர்வம் இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிலையத்து வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டால் முதல் ஆளாக ஓடுகிறவன் இவன்தான். ஓடிப்போய்க் கையை நீட்டுவான். ஆனால் முகம் மட்டும் தோள்பக்கம் திரும்பியிருக்கும். ஆட்டோக்காரர் தினமும் அந்தக் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போவார். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்ட டீச்சருக்கு அந்தக் கை கண்ணில் படவே இல்லை.

அங்கே இன்னொரு பெண் குழந்தை வரும். அவளுக்கும் ஆட்டிசம் என்றுதான் சொன்னார்கள். பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். யார் வந்தாலும் போனாலும் தலை தூக்கமாட்டாள், நிம்மதியாகத்தான் இருப்பாள். எல்லாப் பிள்ளைகளும் அவளைப் போல இருப்பதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அவளையும் என் மகனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இவன் நாள் முழுக்க ஆட்களுக்காகக் காத்திருந்தான், வந்ததும் பயந்தான்.

அவனுக்கு ஐந்து வயதானபோது மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். கூட என் அம்மாவும் வந்தாள். உள்ளே நுழைந்ததும் மகன் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். டாக்டரம்மா அவன் முகத்தைத் திருப்பவில்லை. தானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கை கொடுத்தார். அவன் அந்தக் கையை விடவே இல்லை.

"இவனுக்கு ஆளுங்க வேணாம்னு இல்லம்மா, ஆளுங்க வேணும். அவங்க பார்வையைத்தான் தாங்க முடியல" என்றார். "ஆட்டிசம் சேர்ந்தும் இருக்கலாம். ஆனா ரத்தத்தைப் பாத்தாத்தான் சொல்ல முடியும். உங்கம்மா வழியில ஆம்பளைங்க யாராச்சும் இந்த மாதிரி இருக்காங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா சொன்னாள்: "எங்க வம்சத்துல அப்படி ஒரு கொறை யாருக்கும் கெடையாது டாக்டரம்மா."

அப்போது அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் தாய்மாமன், எங்கள் திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அம்மா வீட்டில்தான் இருக்கிறார். சொன்னதையே நாலு தடவை சொல்வார். யார் வந்தாலும் முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு கை நீட்டுவார். சின்ன வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்பது எங்கள் வீட்டுக் கதை. எந்தக் காய்ச்சல் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அவர் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரத்தம் பொய் சொல்லவில்லை. ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறை என்று ரிப்போர்ட் வந்தது. தாய்வழியாக வந்திருக்கிறது, எனக்குத் தங்கை இருந்தால் அவளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவளிடம் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் பிள்ளைகளுக்குப் போகும், கல்யாணத்துக்கு முன் ஒரு டெஸ்ட் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும் பஸ்ஸில், ஆண்டிபட்டி தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"போனால வந்துச்சுன்னா ஒன்னோட போச்சு. ரத்தத்துல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா ஒந்தங்கச்சிய எவன் வந்து கேப்பான்? ஆட்டிசம்னே சொல்லு. ஊரு பாவம்னு சொல்லிட்டுப் போயிரும். வாய மூடிக்கிட்டு இரு ஆத்தா."

ஆக, என் மகனுக்கு எந்த நோய் என்பதை என் தங்கையின் ஜாதகம்தான் முடிவு செய்தது. கேவலம் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே ஆட்டிசம் என்றே சொன்னேன். கடையில் நிற்கும் நாட்களில் அவனைப் பார்த்துக்கொள்ள எனக்கு அம்மா வீடு வேண்டியிருந்தது. ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

போன மாதம் தங்கையைப் பெண் பார்க்க வருசநாட்டிலிருந்து வந்தார்கள். அம்மா காலையிலேயே மாமாவைத் தோட்டத்துக்கு விரட்டிவிட்டாள். என் மகனை மாடி அறையில் விட்டுக் கதவுக்கு வெளியே தாழ் போட்டாள். சத்தம் போடாமல் இருக்க அவன் கையில் எதைக் கொடுத்தாள் தெரியுமா? போன்.

கார் சத்தத்துக்கு மாமா எங்கே இருந்தாலும் வந்துவிடுவார் என்பதை அவள் மறந்துவிட்டாள். மாடியில் மகன் கதவைத் தட்டியிருக்கிறான், மாமா போய்த் தாழை நீக்கியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கேசரியைக் கையில் எடுத்த நேரத்தில் இரண்டு பேரும் கூடத்துக்குள் வந்து நின்றார்கள். ஐம்பதைத் தாண்டியவரும் ஏழு வயதுக்காரனும். இரண்டு வலது கைகளும் நீண்டிருந்தன. இரண்டு முகங்களும் இடது தோள்பக்கம் திரும்பியிருந்தன. "வாங்க, வாங்க, வாங்க" என்றார் மாமா. "வாங்க, வாங்க" என்றான் மகன்.

இதற்கு மேல் ஒரு குடும்பம் தன்னைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அம்மா சிரித்தாள். "சின்னவன் தாத்தனப் பாத்துப் பாத்து அப்படியே பழகிட்டான்."

"பிள்ளைக எதப் பாக்குதோ அதத்தான செய்யும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. இலவந்தோப்பு வைத்திருப்பவர், ஒரு கன்று வாங்கினாலும் வேரை உதறிப் பார்த்து வாங்குகிற ஆள். இரண்டு கைகளையும் குலுக்கிவிட்டு இன்னொரு கரண்டி கேசரி கேட்டார். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு நிறையக் கண் இருந்தது, ஒன்றுக்கும் பார்வை இல்லை.

ஒருத்திக்கு இருந்தது. காபித் தட்டோடு வந்த தங்கை அந்த இரண்டு பேரையும் பார்த்தபடி நின்றதை நான் கவனித்தேன். கார் கிளம்பியதும் அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, மதுரை டாக்டரு என்னதான் சொன்னாக?"

"அது ஒண்ணுமில்லடி..."

"எனக்கும் இருக்குமா?"

"பாதிக்குப் பாதி."

"எப்பருந்து ஒனக்குத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

ஜவுளிக்கடைக்காரருக்கும் டீச்சருக்கும் தெரியாது, அதனால் தப்பாகச் சொன்னார்கள். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நோய் என்னவென்று தெரிந்தே மருந்தை மாற்றி விற்றவள் நான் ஒருத்திதான். அவர்களை இளக்காரமாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஏதோ சொல்லலாம் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

"அந்த ரிப்போர்ட்டக் குடு."