மோர் கேட்கப் போகாத வரிசை

1. சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் குடியிருப்பின் கடைசி வரிசையில் ஒரு அக்கா வீட்டில் பாத்திரங்கள் விழுந்தன. பிறகு அவர் அலறல்.
2. பக்கத்து வீட்டார் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.
3. எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.
4. மறுநாள் சர்ச் ஹாலில் நடந்த குடும்பக் கூட்டத்துக்கு அக்கா கையில் மாவுக்கட்டோடு வந்தார்.
5. அவர் கணவரும் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கதவு தட்டுவது அந்தக் கூட்டத்தை நடத்தும் எங்கள் குழுவின் ஏற்பாடு. ஒரு வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் போய், "உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா?" என்று கேட்க வேண்டும். அறிவுரை கிடையாது. மோர் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆள் நின்றால் ஓங்கிய கை இறங்கும். மற்ற வரிசைகளில் இறங்கியிருக்கிறது.

கடைசி வரிசையில் மட்டும் ஏன் யாரும் போகவில்லை? ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் குவாலிட்டி பார்க்கிறேன். ஒரு பாகம் பழுதாக வந்தால் காரணம் தெரியாமல் விடமாட்டோம். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நேராகக் கேட்டேன்.

"உனுக்கு இன்னாம்மா, நீ வேற கம்பெனி," என்றார். "அந்தாளு லைன் லீடரு. எங்க வூட்டுக்காரரு அவருக்குக் கீழ கான்ட்ராக்ட்டு. ஓ.டி. யாருக்குன்னு அவருதான் சொல்றாரு. நான் போயி மோர் கேட்டேன்னு வெச்சுக்கோ, அடுத்த மாசம் இவரு கம்பெனி கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்."

"எதிர்வீடு?"

"அவங்களும் அதே லைனுதான். இந்த வரிசையில வூடு புடிச்சுக் குடுத்ததே அவருதான். கம்பெனி பஸ் ஒரே எடத்துல நிக்கணும்ல."

"அப்ப ஆளு பிரிச்ச கூட்டத்துல நாங்க தட்டுறோம்னு எதுக்குக்கா கை தூக்குனீங்க?"

"அவரும் அங்கதான உக்காந்துகினு இருந்தாரு. தூக்காம இன்னா பண்றது?"

எந்தச் சுவருக்கு எந்தச் சுவர் பக்கம் என்று பார்த்துத்தான் குழுவில் ஆட்களைப் போட்டோம். யார் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. படப்பையிலிருந்து ஒரகடம் வரை இந்தச் சாலையில் எல்லார் பேச்சும் ஷிப்டும் லைனும்தான். அதைப் போய் மறந்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே குழுத் தலைவியிடம், வேறு தெரு, வேறு கம்பெனி ஆட்கள் அந்த வீட்டைப் பார்க்கட்டும் என்றேன்.

"மூணு தெரு தாண்டி மோர் கேட்டு வந்தா அவருக்குத் தெரிஞ்சிடாதா?"

"தெரியட்டும்மா. தெரியறதுக்குத்தானே தட்டுறோம்."

"குழுவுக்குக் கெட்ட பேரு வரும். அவரு ஒரு கூட்டம் தவறாம வர்றாரு. வர்ற ஒண்ணு ரெண்டு ஆம்பளைங்களையும் துரத்திடாத."

வருகிறார், உண்மைதான். அவர் வருவதால்தான் அந்த வரிசைப் பெண்கள் வாய் திறப்பதில்லை. இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "சரி, ஒனக்கு அவ்ளோ தைரியம்னா நீயே போ," என்றார்.

அடிபட்ட அக்காவைத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்தேன். ஒற்றைக் கையால் குடத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"உன் வூடு வரைக்கும் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"அவங்களுக்குக் கேட்டுச்சு," என்றார், பக்கத்து வீட்டைப் பார்க்காமலே.

போலீசுக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். இப்போது வேண்டாம், வாசலில் ஒரு ஆள் வந்து நின்றால் போதும் என்றார்.

இப்போதைய நிலவரம் இதுதான். அந்த வீட்டுக்கு நானும் எங்கள் தெருவில் தையல் தைக்கும் அக்காவும் பொறுப்பு. எங்கள் தெருவரை சத்தம் வராது. அந்த வீட்டு அக்காதான் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கணவர் வீட்டில் இருக்கும்போது அக்காவின் போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.