குழந்தையின் சித்தப்பா என்று எழுதியவர்

தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர். தையல் தொழிலுக்காக வைத்த பெயர் என்று அவள் நம்பினாள். வாய்க்காக வைத்தது என்று மற்ற எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளுக்குக் கவுன் தைத்து, கழுத்துப்பட்டையில் குழந்தையின் பெயரை நூலால் எழுதி, இணையத்தில் படம் போட்டு வெளிநாடுகளுக்கு விற்றாள். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தம்பியுடையது. அக்காவை நம்பி நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். வாங்குபவர்களுக்குப் பதில் எழுதுவதை மட்டும் அவள் அவனிடம் விடவில்லை. மொழிபெயர்க்கும் செயலியை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடமெல்லாம் குடும்ப நலம் விசாரிப்பாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு வெளிநாட்டு வக்கீல் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. தம்பி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். போகப் போகக் குரல் இறங்கியது. முன்னாள் கணவனுக்குப் பயந்து நாலு வயது மகளோடு ஒளிந்து வாழும் ஒரு தாய், இவர்களிடம் கவுன் வாங்கியிருக்கிறாள். அவன் அருகில் வரக்கூடாதென்று நீதிமன்ற உத்தரவும் உண்டு. நேற்று அவனுடைய காரைப் பக்கத்துத் தெருவில் பார்த்திருக்கிறாள். அவளுடைய விலாசத்தை யாருக்காவது கொடுத்தீர்களா, உடனே சொல்லுங்கள். வாங்குபவர் விவரத்தை வெளியே விடுவது எங்கள் சட்டப்படி குற்றம். விற்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும்.

ஊசிக்கு ஒரு மெயில் நினைவுக்கு வந்தது. போன வியாழக்கிழமை ஒருவர் எழுதியிருந்தார். 'நான் குழந்தையின் அப்பாவுடைய தம்பி. அவள் பெயர் போட்ட கவுனை உங்கள் இணையப் பக்கத்தில் பார்த்தேன். பிறந்தநாளுக்குப் பரிசு கொண்டுபோக வேண்டும், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், வீடு எது?' சித்தப்பா என்று சொல்கிறவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. வீட்டு எண்ணைக் கொடுத்தாள். மாடி எதுவென்றும் சொன்னாள். அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள் என்று பார்சல்காரருக்காக அந்தத் தாய் எழுதியிருந்ததையும் அக்கறையாகச் சேர்த்தாள். வக்கணையாகப் பேசத் தெரிந்தவளுக்கு அந்த இடத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். அவன் திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அந்த ஆளோட மெயிலை அழிச்சிடலாம்க்கா. கொடுக்கலைன்னு எழுதிடலாம்."

"இல்லன்னா?"

"கடையை மூடிடுவாங்க. வழக்கு வேற வரும். நான் வேலைய விட்டுட்டு வந்தவன்க்கா."

"கொடுக்கலைன்னு எழுதினா அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

அவன் அந்த ஆளின் மெயிலைத் திறந்தான்.

"சொல்லுடா."

"நிம்மதியா அந்த வீட்லயே இருப்பா."

ஊசி செயலியைத் திறந்து, ஆமாம், நான்தான் கொடுத்தேன், எல்லாம் கொடுத்தேன், உடனே அவர்களை வேறு இடத்துக்குப் போகச் சொல்லுங்கள் என்று எழுதினாள். அவசரத்தில் பாதி எழுத்து தப்பாக விழுந்தது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ஆளின் மெயில்கள் முழுவதையும் அதோடு சேர்த்தான். அனுப்பும் பொத்தானை அவன்தான் அழுத்தினான்.

பதில் வரும்வரை தைக்க உட்கார்ந்து, தைத்ததைப் பிரித்தாள். மூன்றரை மணிக்கு மெயில் வந்தபோது பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்து நின்றாள்.

"ரெண்டு பேரும் பத்திரமா வேற இடத்துக்குப் போயிட்டாங்களாம்" என்றான் தம்பி.

அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஆனா நம்ம மேல வழக்கு உண்டாம்க்கா. அதுல மாற்றமில்லையாம்."

"போடட்டும். செஞ்சது நான்தானே."

தம்பி வாங்குபவர்களின் பட்டியலைத் திறந்துகொண்டு கேட்டான்: "இந்தச் சித்தப்பா மாதிரி வேற யாருக்காவது விலாசம் கொடுத்திருக்கியாக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஒரு அத்தைக்குக் கொடுத்திருக்கேன்டா," என்றாள். "ரெண்டு மாமாவுக்கும்."