மெஷினுக்கு இடப்பக்கம் ஒரு விளக்கு

கணவர் மௌத்தாகி நான் இத்தாவில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அதிகம் கதைக்கப்பட்டது ஜன்னல்களைப் பற்றித்தான். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு உள்ளறையை ஒதுக்குவார்கள். என்னுடைய மெஷின் உள்ளறைக்குள் போகாது. அதனால் அது நிற்கிற முன் ஹோலையே இத்தா அறையாக்கினோம். துணைக்கு வந்த ராத்தா ரோட்டுப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டுக்கும் தடித்த சீலை கட்டித் தொங்கவிட்டார். அன்றோடு அந்த ஹோலில் பகல் என்பதே இல்லாமல் போனது.

ராத்தா என்னுடன் பிறந்த மூத்தவர். என்மேல் உயிரையே வைத்திருப்பவர்தான், ஆனால் ஊர் வாய்க்கு அப்படிப் பயப்படுவார். சீலையை ஒரு விரல் அகலம் விலக்கினாலும் ஓடி வந்து இழுத்துவிடுவார். எனக்கு வந்த ஆத்திரத்தை அழுகை என்று நினைத்துத் தலையைத் தடவிவிடுவார்.

மெஷின், தம்பி அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பியது. லோங் ஆர்ம் என்பார்கள். சாதாரண தையல் மெஷினில் துணியைத் தள்ளித் தைப்போம். இதில் துணி உருளைகளுக்கிடையே இழுபட்டு அசையாமல் கிடக்கும், மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். கைப்பிடிகளைப் பிடித்து நின்றபடி, நடுவில் பஞ்சு வைத்த கட்டில் விரிப்பின்மேல் கொடியும் அலையுமாகத் தைத்துக்கொண்டே போகலாம். வந்த அன்று கதவு நிலையைக் கழற்றித்தான் அதை உள்ளே எடுத்தோம். வீட்டுக்கு யானை வந்திருக்கிறது, தீனிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கணவர் கேட்டார்.

அவர் இல்லாமல் போன பிறகு அந்த யானைதான் எங்களுக்குத் தீனி போட வேண்டியதாயிற்று. மகள் ஒலுவில் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கிறாள். அவளுடைய படிப்பும் எங்கள் அடுப்பும் இனி இந்தத் தையலை நம்பித்தான். அறுகம்பேயில் ஒரு ஹோட்டல் தொடர்ந்து விரிப்புகள் கேட்டிருந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். சீலை கட்டிய ஹோலில், பழைய டியூப் லைட்டுக்குக் கீழே தைத்த முதல் விரிப்பு அப்படியே ஹோட்டல் வேனில் திரும்பி வந்தது. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது. அடுத்ததும் இப்படி என்றால் கொழும்பில் எடுப்போம் என்று ஹோட்டல்காரர்கள் மகளிடம் சொல்லியிருந்தார்கள்.

மகள் பெரிய பல்ப் ஒன்று வாங்கி வந்து தலைக்கு மேலே பூட்டினாள். வெளிச்சம் கூடியதும் நூல் இன்னும் மறைந்தது. துணி வெள்ளை, நூல் வெள்ளை, நான் உடுத்திருந்ததும் வெள்ளை. கண் கூசியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் பகலில் நிந்தவூரிலிருந்து வயரிங் வேலை செய்பவர் ஒருவரை ராத்தாவே வரச் சொன்னார். கணவரின் கூட்டாளி அவர். அவர் உள்ளே வர முடியாது, நான் வெளியே போக முடியாது. வாசல் திரைக்கு வெளியே அவர் நின்று வழி சொல்ல, மகள் ஸ்டூலில் ஏறிப் பூட்டுவதென்று ஏற்பாடு. நான் ராத்தாவிடம் சொல்ல வேண்டும், ராத்தா திரைப் பக்கம் போய் அவரிடம் சொல்லுவார்.

குனிந்து கைப்பிடியைப் பிடிக்கும்போது என் நிழல் ஊசியில் விழுகிறது என்று சொன்னேன். இத்தாவில் இருப்பவள் குனிகிறாள், நிமிர்கிறாள் என்பதையெல்லாம் அந்நிய ஆணிடம் சொல்வதா என்று ராத்தாவுக்குக் கூச்சம். ராத்தா திரையருகே போய், வெளிச்சம் காணாதாம், போதாதாம் என்று மட்டும் சொன்னார். அவர் இன்னொரு டியூபை உள்ளே நீட்டினார். நிழல் இரண்டாகிவிட்டது என்றேன். இன்னும் காணாதாம் என்றார் ராத்தா. மூன்றாவதும் வந்தது. ஹோல் கல்யாண வீடு மாதிரி எரிந்தது. நான் இரண்டு வரி தைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். மகளின் கம்பஸ், ஹோட்டல், மிச்சமிருக்கிற மாதங்கள் எல்லாம் ஒன்றாக மனதில் வந்தன. இனி வெட்கம் பார்த்தால் சரிவராது என்று நினைத்தேன்.

திரைக்கு வெளியே நின்றவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு நானே பேசினேன்.

"காக்கா, வெளிச்சம் காணும். மேல இருந்து வாறதுதான் கரைச்சல். குனியக்குள்ள என்ட நிழலும் மெஷின்ட நிழலும் ஊசியில விழுகுது. மத்த இடமெல்லாம் கண்ணக் கூசுது."

ராத்தா என் கையைப் பிடித்து அழுத்தினார். வெளியே நின்றவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, கரண்ட் போற காலத்தில அவர் எங்க இருந்து டோர்ச் புடிச்சவர்?"

அதுவரை எனக்கு அது நினைவுக்கே வந்திருக்கவில்லை. நாளாந்தம் கரண்ட் வெட்டிய காலம் அது. மெஷினை ஒரு பழைய பேட்டரியில் ஓட்டுவோம், விளக்கையும் சேர்த்தால் அது தாங்காது. மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு கணவர் பிளாஸ்டிக் கதிரையை மெஷினுக்கு இடப்பக்கம் போட்டு, டோர்ச்சை முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணிக் கடையில் இந்தக் கூட்டாளியிடம், எனக்கு லாம்பு போஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாராம். பக்கத்திலிருந்து தாழ்வாகப் படுகிற அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு தையலுக்கும் அதனதன் நிழல் தனியாக விழும். நான் தைத்ததிலேயே திறமானவை அந்த இருட்டுக் காலத்து விரிப்புகள்தான். அவர் இடையில் தூங்கிவிழுவார், வெளிச்சம் சறுக்கி நிலத்துக்குப் போகும். மெஷின் நகர நகர நான் கூப்பிடுவேன், கதிரையை இழுத்துக்கொண்டு கூடவே வருவார்.

"இடப்பக்கம்" என்றேன். "கதிரையில இருந்து. முழங்காலில வெச்சு."

"அப்ப கதிரையிலேயே கட்டுங்க மகள். மேல உள்ளதெல்லாம் நூத்துங்க" என்றார் அவர்.

மகள் எல்இடி பட்டி ஒன்றை அதே கதிரையின் கையில் துணித் துண்டால் கட்டினாள். மற்ற விளக்குகளை அணைத்ததும் வெள்ளைத் துணியில் மேடும் பள்ளமும் எழும்பி வந்தன. நூல் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அவர் சலாம் சொல்லிவிட்டுப் போனார். ராத்தா மூலையில் போய் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் தைக்கத் தொடங்கினேன். கை பழையபடி ஓடியது. ஒரு கொடி, அதன் இலை, அடுத்த கொடி. பாதி விரிப்புக்குப் போனபோது ஊசி வெளிச்சத்தைத் தாண்டிவிட்டது. துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கம்போலச் சொன்னேன்.

"கொஞ்சம் இஞ்சால வாங்க."

சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். மூலையில் தஸ்பீஹ் நின்றது. ராத்தா எழுந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு, கணவர் இழுக்கும்போது கேட்கிற அதே சத்தத்தோடு கதிரை நகர்ந்தது. வெளிச்சம் ஊசிக்கு வந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் தைத்தேன்.