இருபத்திரண்டு பேருக்கான பட்டியல்

சமையலறை அலமாரியில், மாவு டப்பாக்களுக்குப் பின்னால், நான்காக மடித்த ஒரு பெரிய தாளை வைத்திருக்கிறேன். ரிக் வண்டிக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் காலண்டரிலிருந்து கிழித்த தாள். அதன் வெற்றுப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்கு நிற ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் கட்டத்தில் மாமா, அத்தை, அக்கா, பெரிய நாத்தனார் என்று உறவுமுறை. அடுத்ததில் லாட்ஜ் அறை எண். அதற்கடுத்து, தீம் பார்க்கில் எந்தப் பந்தியில் மதியச் சாப்பாடு. கடைசிக் கட்டத்தில் அவரவர் வாய்க்கும் வயிற்றுக்கும் எது ஆகும், எது ஆகாது என்ற குறிப்பு. மொத்தம் இருபத்திரண்டு வரிசை. எழுதியவள் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. ஆறு வருடமாக இதை நான் எறியவில்லை. பிரியத்தில் வைத்திருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதில் ஒரு தப்பாவது கண்டுபிடித்தே தீர வேண்டும் என்றுதான் முதலில் எடுத்து வைத்தேன்.

வெண்ணந்தூர் பக்கத்தில் எங்கள் ஊர். நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து, குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. பழனிக்குப் போனாலும் சரி, பேரப்பிள்ளைக்கு மொட்டையடிக்கப் போனாலும் சரி, முதல் நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சி, எள்ளு வறுத்துப் பொடித்து, பெரிய தூக்குப்போசிகளில் கட்டுச்சோறு கட்டிவிடுவேன். மாமாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது, அத்தைக்குக் காரம் ஆகாது, சின்ன நாத்தனார் தயிர் வாசனைக்கே மூக்கைப் பொத்துவாள். எல்லாம் எனக்கு மனப்பாடம். "பெரிய அம்மிணி கட்டுன சோறு மூணு நாளானாலும் ஊசாது" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இந்த வீட்டில் கிடைத்த பட்டமும் பதவியும். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அது போதும் என்றும் இருந்தது.

பிறகு ஓரகத்தியாக அவள் வந்தாள். திருச்செங்கோட்டுக்காரி. இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு ரிக் வண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். ரிக் வண்டி என்றால் போர்வெல் போடும் லாரி. எங்கள் பக்கத்து வண்டிகள் வடநாடு முழுக்கச் சுற்றும். எந்த ஊரில் எந்த வண்டி நிற்கிறது, அதிலிருக்கும் ஆட்கள் எங்கே படுப்பார்கள், எங்கே சாப்பிடுவார்கள் என்று திருச்செங்கோட்டில் உட்கார்ந்தபடியே போனில் ஏற்பாடு செய்வதுதான் அவள் வேலை. பாஷை தெரியாத ஊரில் பத்து ஆளுக்கு ரூமும் சோறும் பிடித்துக் கொடுத்தவளுக்கு, எங்கள் குடும்பம் எம்மாத்திரம்? ஆனால் முதல் மூன்று வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. என் கூடவே நின்று வெங்காயம் உரித்தாள். நான் கட்டிய சோற்றைத் தட்டில் போட்டதும் சாப்பிட்டாள். அப்போது எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நாலாவது வருடம் கோடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லோரும் தீம் பார்க் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பெங்களூர் தாண்டிப் போக வேண்டும். ஒருநாள் இரவு தங்க வேண்டும். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம். அதைக் கேட்டதுமே என் தூக்குப்போசிக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்துவிட்டது. மாமா சற்று யோசித்துவிட்டு, "சின்ன அம்மிணி பார்த்துக்கும். அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் அத்துபடி" என்றார். அவ்வளவுதான். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வயிற்றில் அடுப்பு எரிந்தது என்று எழுதுவதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

இரண்டே நாளில் அந்தப் பட்டியலைப் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அத்தைக்கு முழங்கால் வலி என்று கீழ்த்தள அறை. மாமாவின் குறட்டைக்கு அசராத பெரிய நாத்தனார் புருஷன் அவர் அறையில். குட்டையாக இருக்கும் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றமாட்டார்கள் என்று விசாரித்து, அவர்களையும் ஏறப் பயப்படும் பெரியவர்களையும் முதல் பந்தியில் போட்டிருந்தாள். நாத்தனார்கள் இருவரும் வந்து நின்று பார்த்துவிட்டு, "கலெக்டராட்டம் போட்டிருக்கியே சாமி" என்று அவள் கன்னத்தை வழித்தார்கள். அவர்கள் போன பிறகு நான் போய் நின்றேன். தப்புத் தேடினேன். கத்தரிக்காய் இருந்தது, காரம் இருந்தது, தயிர் இருந்தது. நான் பதினாறு வருடம் மனதில் வைத்திருந்ததையெல்லாம் அவள் நான்கு நிறத்தில் எழுதி எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டாள். கடைசி வரிசையில் தன் பெயருக்கு நேரே மட்டும் சாப்பாட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. தனக்குத் தானே யார் குறிப்பெழுதிக் கொள்வார்கள்?

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் ஊர்த்தலைவர் வீட்டம்மாவைப் பார்த்தேன். கேனை இறக்கி வைத்துக்கொண்டே, "ஏனம்மிணி, இந்த வருசம் மாரியாத்தா நோம்பியை ஒரு வாரம் முன்னாலயே சாட்டறாங்களாமா. இன்னம் ஆருக்கும் சொல்லலை" என்றார். எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம். கோயிலில் கொட்டடித்து நோம்பியை அறிவிப்பதுதான் சாட்டுவது. சாட்டிவிட்டால், நோம்பி முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் இரவுக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட பாதிப் பந்தியில் எழுந்து பஸ் பிடிப்பார்கள். மனதுக்குள் நாள் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாட்டுகிறார்கள். அவள் பார்த்து வைத்திருப்பது வியாழக்கிழமை.

அன்று மத்தியானம் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஏனுங்கக்கா, வியாழக்கிழமைக்கு ரூம் போட்டரட்டுங்களா? போட்டா மாத்த முடியாதாமா. வேற ஒண்ணும் எடைஞ்சல் இல்லீங்களே?" என்று கேட்டாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கென்ன கண்ணு தெரியும்? நீ படிச்சவ. பார்த்துப் போடு" என்றேன். வார்த்தை வெகு சாதாரணமாக வந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். புடைத்த அரிசியை இன்னொரு தரம் புடைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வந்து நின்றார். "நோம்பி சாட்டியாச்சு. ராத்தங்கற சோலி ஆகாதுங்க" என்றார். பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். ஊருக்கு வந்து சேர்ந்திருந்த நாத்தனார்கள், கலெக்டர் என்று கன்னம் வழித்த அதே நாத்தனார்கள், "நோம்பி எப்பன்னு ஒரு வார்த்தை கேட்டுப் போட்டுத் தேதி போடக்கூடாதா? ரிக் வண்டிக்கு ஆளனுப்பற நெனப்பு" என்றார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அது திட்டைவிட மோசம். அவள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளபடியே சொல்கிறேன். இனித்தது. கொஞ்ச நேரம் நன்றாகவே இனித்தது. பிறகு என் மகள் வந்து என் மடியில் விழுந்து அழுதபோது கசந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் தலைவர் வீடு வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போனவள், திரும்பி வந்ததும் மாமா முன்னால் நின்றாள். "மாமா, ராத்தங்கத்தானுங்களே கூடாது? பகல்ல தங்கலாமில்லீங்களா? தலைவர்கிட்டயும் கேட்டுட்டனுங்க. ராவெல்லாம் போர் போடற ஆளுங்க பகல்லதான் ரூம்ல படுப்பாங்க. அவிங்களுக்குப் போடற மாதிரி நம்மளும் காலைல ரூமுக்குப் போயிரலாமுங்க. குளிக்க, துணி மாத்த, அத்தை கால் நீட்ட ரூமு. பொழுதோட கெளம்பி ஊட்டுக்கு வந்தரலாமுங்க" என்றாள். மாமா வெகு நேரம் மோவாயைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டார். பிள்ளைகள் அவளைத் தூக்காத குறை. நான் மறைத்து வைத்த ஒரு விஷயம் அவளை இன்னும் ஒரு படி மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு!

ஆனால் அவள் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, விடியால நாலு மணிக்கே கெளம்பணுமுங்க. வழியில நின்னு சாப்பிட நேரமில்லை. பார்க்குக்குள்ள பந்திக்கு நின்னா ஆடற நேரம் போயிரும். காலைக்கும் மத்தியானத்துக்கும் நீங்கதானுங்க கட்டுச்சோறு கட்டோணும். ரூமு பார்க்குக்குப் பக்கந்தானுங்க, அங்கயே வெச்சுச் சாப்பிட்டுக்கலாமுங்க" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தலோ கேள்வியோ எதுவும் இல்லை. என் சிம்மாசனத்தைத் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுக்கிறாள், அதையும் அவள்தான் கொடுக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் புளியை ஊற வைத்தேன்.

அந்த வியாழக்கிழமை நன்றாகவே நடந்தது. லாட்ஜ் அறையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து இருபத்திரண்டு பேரும் புளிச்சோறு சாப்பிட்டோம். தொட்டுக்கொள்ள ஆட்டையாம்பட்டி முறுக்கு. ஈரத் தலையோடு வந்த பிள்ளைகள் கை கழுவாமலே தட்டை நீட்டினார்கள். மாமா தன் பழைய வசனத்தைச் சொன்னார். அவளும் சாப்பிட்டாள். "இன்னொரு கை போடட்டுமா?" என்று நான் கேட்டபோது தட்டை நீட்டினாள். பொழுதிருக்கக் கிளம்பி, சொன்னபடி ஊர் எல்லைக்குள் வந்துவிட்டோம். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து அவள் அந்தத் தாளைக் கிழித்தெடுக்கப் போனாள். "குடு கண்ணு, டப்பாவுக்கு அடியில போட்டுக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் கொழுந்தனார் சொந்தமாக வண்டி எடுத்து வடக்கே போனார். அவளும் பிள்ளைகளோடு ராய்ப்பூருக்குக் குடிபோனாள். சமையலறை மறுபடியும் முழுசாக என்னிடம் வந்தது. போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் ஊர்த்தலைவர் வீட்டம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு எங்கெங்கோ போய் அவளிடம் வந்தது. "உன்ற ஓரகத்தி தங்கமான புள்ள. அன்னிக்கு நோம்பி சாட்டின சாயங்காலம் எங்கூட்டுக்கு வந்துச்சு. உங்கக்காகிட்ட அப்பவே சொன்னேனே சாமி, சொல்லலையான்னு கேட்டுப்போட்டேன். என்ற மூஞ்சியவே பார்த்துது. அப்பறம், அக்காகிட்ட நீங்க சொன்னதை ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, அவிங்க மறந்திருப்பாங்கன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார். என் இலையில் பாயசம் ஊற்றினார்கள். வேண்டாம் என்று கை காட்டக்கூடத் தோன்றவில்லை.

அப்படியானால், தலைவர் வீட்டிலிருந்து திரும்பிய அதே சாயங்காலம்தான் என்னிடம் வந்து கட்டுச்சோறு கட்டச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு வந்து நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், பொறாமைதான் வந்தது. மன்னிப்பதைக்கூட இவள் என்னைவிட நேர்த்தியாகச் செய்கிறாளே என்ற பொறாமை.

இந்தக் கோடைக்கு எல்லோரும் மறுபடி தீம் பார்க் போக வேண்டுமாம். கல்லூரிக்குப் போகும் என் மகள் நேற்று போனை ஸ்பீக்கரில் போட்டு, "சித்தி, நீங்கதான் பிளான் போடோணும்" என்றாள். அங்கிருந்து அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அக்கா பக்கத்துல இருக்காங்களா? ஏனுங்கக்கா, இந்த வருசம் நோம்பி எப்பங்க சாட்டறாங்க? நீங்க சொன்னீங்கன்னா அப்பறமா ரூம் போடறேன்" என்றாள். "இன்னம் தெரியலை கண்ணு. தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிப்போடறேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "சரிங்கக்கா" என்றாள்.

பேச்சோடு பேச்சாக அந்தத் தாளை எடுத்து விரித்திருந்தேன். மடிப்புகளில் நிறம் போய்விட்டிருந்தது. கடைசி வரிசையின் வெற்றுக் கட்டத்தில் என் கண் நின்றது. இருபத்தொரு பேரின் வாயும் வயிறும் எனக்கு அத்துபடி என்று நிமிர்ந்து நடந்தவள் நான். இவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் என் கையால் சாப்பிட்டவள். "உனக்கு என்ன கண்ணு கட்டட்டும் இந்தத் தடவை?" என்று கேட்டேன்.

"நீங்க எது கட்டினாலும் சரிங்க."

"இல்ல, சொல்லு. எழுதி வெச்சுக்கறேன்."

கொஞ்சம் தயங்கினாள். "தயிர்ச்சோறு இருந்தாப் போதுமுங்கக்கா. புளிச்சோறு எனக்கு ஆகாதுங்க. சின்னதுல இருந்தே நெஞ்செரியும்" என்றாள்.

பழனி வழியில் போட்டிருக்கிறேன், மொட்டையடித்த இடத்தில் போட்டிருக்கிறேன், லாட்ஜ் அறையில் இன்னொரு கையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். மகளின் பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் எழுதினேன்: புளிச்சோறு ஆகாது.