மண்டி கலங்கிய போத்தில்

கிளென் வேவர்லியில் ஒரு டொக்டர் அங்கிளின் வீட்டுக் கராஜில் குடியிருந்தேன். அதற்கு முதல் ஐந்து மாதம் காருக்குள் படுத்தவன். இங்கே வாடகை இல்லை. புல்லு வெட்டி, வீட்டு வேலைக்கு உதவினால் போதும்.

அவர்களின் மகளுக்கு இருபத்தொரு வயது நிறைந்த நாள். அவள் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த பிரெஞ்சுச் சிவப்பு வைன் ஒன்றை அங்கிள் இந்த நாளுக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாய் வைத்திருக்கும் தோட்டமாம். அதன் வாசலில் அவர் நின்று எடுத்த படம் குசினிச் சுவரில் தொங்கியது. இரண்டு நாளுக்கு முன்னமே போத்திலை மேசையில் நிமிர்த்தி வைத்து, "ஒருத்தரும் ஆட்டாதேங்கோ" என்று சொல்லியிருக்கிறார். நான் அப்போது ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது.

"தம்பி, அந்தப் போத்திலைக் கொண்டு வா."

எங்கள் பக்கத்தில் சாராயப் போத்திலைத் திறக்க முதல் கவிழ்த்து, அடியில் முழங்கையால் தட்டுவோம். ஏன் என்று நான் கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், பலதையும் கேட்டதில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் முறையாய்ச் செய்வோம் என்று கவிழ்த்தேன். டொக், டொக், டொக்.

அங்கிளின் வாய் திறந்தபடியே நின்றது. மகள் "ஓ மை காட்" என்றாள். போத்திலுக்குள் கறுப்பாய் மண்டி சுழன்றது, வெள்ளம் புகுந்த கிணறு மாதிரி.

"இவ்வளவு வருஷமா அடைஞ்ச மண்டியடா" என்றார் அங்கிள், மெல்லமாக. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த நாட்டுக்குப் படகில் வந்த நாட்களில்கூட இப்படிப் பயந்ததில்லை. கராஜுக்குப் போய் உடுப்புகளைப் பையில் திணித்தேன். காரின் பின் சீட்டை மடக்கினால் கால் நீட்டலாம் என்பது மட்டும் மனதில் ஓடியது.

அங்கிள் வாசலில் வந்து நின்றார். பின்னால் அன்ரி.

"ஆரடா உனக்குத் தட்டச் சொன்னது?"

"நாங்கள் எல்லாப் போத்திலுக்கும் அப்பிடித்தான், அங்கிள்."

"இவர் மட்டும் என்னவாம்?" என்றார் அன்ரி. "எங்கட கலியாணத்தில தட்டித் தட்டி முழங்கை வீங்கினது மறந்துபோச்சோ?"

அங்கிள் திரும்பவில்லை. என் பையையே பார்த்தார்.

"அதைக் கீழ வை. மண்டி அடைய இன்னும் ரெண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போகாமல் நீதான் பாக்க வேணும்."

இரண்டு நாளும் குசினிக்குள் கால்விரலில் நடந்தேன். பிரிட்ஜ் உறுமத் தொடங்கும்போதெல்லாம் மண்டி ஆடுகிறதா என்று போத்திலைக் குனிந்து பார்த்தேன்.