தொடுவாய் வெட்டிய மாரி

கொக்கிளாய்ப் பக்கமிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் கடற்கரை வீதி, எங்கள் ஊரைத் தாண்டியதும் ஒரு மணல்திட்டின் மேல் ஏறும். ஒருபுறம் கடல், மறுபுறம் ஆற்றுநீர் வந்து தேங்கும் ஏரி. மாரி மழையில் ஏரி நிரம்பினால் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். அந்த வெட்டுவாயைத் தொடுவாய் என்போம். வெட்டினால் வீடுகள் தப்பும், வீதி போய்விடும். கடல் மறுபடி மண் போட்டு மூடும்வரை வண்டில்கள் இக்கரையிலேயே நிற்கும்.

எனக்கு ஒன்பது வயதான மாரியில் ஏரி எங்கள் குசினிக்குள், அடுப்படிவரை வந்துவிட்டது. அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்ட கோழிகள், வீட்டுக்காரர் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவின் தங்கையான சின்னம்மா நிறைமாதமாய் எங்களோடு இருந்தா. முதல் பிள்ளை தங்கவில்லை என்பதால், இம்முறை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில்தான் என்று அவவின் கணவர், என் சித்தப்பா, உறுதியாக நின்றார். அங்கே கதைத்து வைக்கப் புறப்பட்டவர் அப்பாவிடம் சொன்னார்: "நான் வந்து கூட்டிக்கொண்டு போறன், அண்ணை. அதுவரைக்கும் திட்டில கை வையாதேங்கோ."

அப்பா "ஓம்" என்றார்.

மறுநாள் மதியம் நீர் இன்னுமொரு சாண் ஏறியது. ஊர் ஆண்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை பிறக்க இன்னும் ஒரு கிழமை கிடக்கு. வெட்டுங்கோ, அத்தான்" என்றா அவ.

நான்தான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கை அகலத்தில் ஓடத் தொடங்கிய நீர், பொழுது சாய்வதற்குள் வீதியை விழுங்கிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் கைதட்டிக் கூத்தாடினோம்.

விடியும்போது சின்னம்மாவுக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளை குறுக்கே கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுங்கோ" என்றா. வண்டில் தொடுவாய்க் கரையில் போய் நின்றது. அவவை ஏற்றுமுன் ஓட்டத்தைப் பார்க்க, அப்பா வெறும் வள்ளத்தை மூன்று முறை இறக்கினார். மூன்று முறையும் நீர் அதைக் கடல் பக்கம் இழுத்தது. அப்பாவின் கைகளில் தோல் உரிந்து இரத்தம் வந்தது.

எதிர்க்கரையில் சித்தப்பா நின்றார். நீரின் இரைச்சலில் அவர் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தா. மதியத்துக்கு முன் வண்டிலுக்குள் முனகல் நின்றது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தங்கையின் முகத்தை மூடினா. அக்கரையில் அது தெரியாமல், ஓட்டம் குறைந்த இடத்துக்கு வரச்சொல்லிச் சித்தப்பா கையைக் காட்டிக்கொண்டேயிருந்தார்.

மறுநாள் ஓட்டம் தணிந்தபின் அவரை வள்ளத்தில் ஏற்றிவந்தார்கள். சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, சித்தப்பா என்னருகே குந்தினார்.

"பிள்ளை, திட்டு தானா உடைஞ்சதோ?"

இப்படிக் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று அப்பா முன்பே சொல்லித் தந்திருந்தார்.

"ஓம் சித்தப்பா. தானா உடைஞ்சது."

என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "அப்ப சரி" என்று எழுந்தார். அடுத்த கிழமை அப்பாவோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார். சாகும்வரை அப்படியே போனார்.

என் பொய் பலித்ததென்று அன்று எனக்குப் பெரிய நிம்மதி. பத்து ஆண்கள் சேர்ந்து வெட்டிய திட்டைப் பற்றி, அந்தச் சின்ன ஊரில் ஒருவர்கூடவா அவரிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று யோசிக்க, ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.