பாப்பா காதுல கேட்ட சத்தத்தை நம்புன ஒரே ஆளு

மக்களே, நம்ம எஸ்தர் மேடம், குழந்தைங்க காதுக்குள்ள கேக்குற சத்தத்தை நெஜம்னு ஒத்துக்கினு வைத்தியம் பார்த்த எஸ்தர் மேடம், இன்னைக்கு காலைல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாங்க.

எனக்கு இது வாட்ஸ்அப்ல வந்துது. அனுப்புனது யாரு தெரியுமா? எங்க பெரியப்பா. மாலை போட்ட ஃபோட்டோ, ரெண்டு விளக்கு, "ஈடு செய்ய முடியாத இழப்பு"ன்னு ஒரு வரி. ஏழு வருஷம் முன்னாடி இதே மனுஷன்தான், "அந்தம்மா காது மிஷின் விக்கிற பொம்பளைப்பா, பிள்ளைக்கு சுத்திப் போட்டா சரியாயிடும்"னாரு. இப்ப ஸ்டேட்டஸ் வெக்கிறாரு. வெக்கட்டும். அந்த விளக்கைப் பார்த்தா மேடமே ஒரு முறை முறைச்சிருப்பாங்க.

மேடம்கிட்ட திட்டு வாங்குன எல்லாருக்கும்தான் இதை எழுதுறேன். தெரியாதவங்களுக்கு: அவங்க ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்ளோ கேக்குதுன்னு டெஸ்ட் பண்ணி சிகிச்சை குடுக்குறவங்க. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி கிளினிக்ல இருந்தாங்க. சனிக்கிழமை காலைல குழந்தைங்களுக்கு மட்டும்.

எங்க பாப்பா, என் தங்கச்சி திவ்யாவுக்கு அப்ப எட்டு வயசு. தெருவுல சாமி ஊர்வலம் வந்தப்ப அதிர்வேட்டு அவ பக்கத்துலயே வெடிச்சுது. அன்னையிலேர்ந்து, "மிக்சியில ஒண்ணும் போடாம ஓட்டுற மாதிரி கேக்குது"ன்னு சொல்லிக்கினே இருந்தா. கிளாஸ் டீச்சர், "கணக்கு பீரியட்ல மட்டும் கேக்குமோ?"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாங்க. அத்தை, "செல்லு பார்த்துப் பார்த்து வந்தது"ன்னாங்க. எதிர் வீட்டுக்காரரு சூடா எண்ணெய் ஊத்தச் சொன்னாரு. "எந்தக் காதுல கண்ணு?"ன்னு ஒருத்தர் கேக்கல. ஒருத்தர் கூட! பாப்பா சொல்றதை நிறுத்திட்டா. "பார்த்தியா, சரியாயிடுச்சு"ன்னாங்க நம்ம அறிவாளிங்க. அடுத்த வாரம் ஸ்கூலுக்குப் போறதையும் நிறுத்திட்டா.

நானும் யோக்கியன் இல்ல. எனக்கு அப்ப பதினாறு. வீடியோ பார்த்தே காது நிபுணன் ஆயிட்டேன். "குணமாக்கும் அதிர்வு"ன்னு ஒரு மணி நேர ஆடியோவை, ஹெட்ஃபோனை அவ தலையில மாட்டி, ஃபுல் வால்யூம்ல போட்டேன். அவ அழுதா. வேலை செய்யுதுன்னு நெனச்சேன். அந்த ஆடியோவுக்குக் கீழ "நன்றி ஐயா"ன்னு இன்னமும் எழுதிக்கினு இருக்கானுங்க என்னை மாதிரி மடையனுங்க.

அதை விட பெரிய கூத்து ஒண்ணு செஞ்சோம். வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், சிரப் எழுதிக் குடுத்து, "பிள்ளையை சத்தம் இல்லாம வைங்க"ன்னு சொல்லிட்டாங்க. எங்களுது தறி வீடு. எங்க தெருவுல அமாவாசைக்குத்தான் தறி நிக்கும், இல்லன்னா சாவுக்கு. எங்க நைனா, அதான் அப்பா, பாப்பாவுக்காக தறியை நிறுத்துனாரு. பக்கத்து வீட்டுலயும் கெஞ்சி நிறுத்த வெச்சாரு. சுவர்க் கடியாரத்துல பேட்டரியைக் கழட்டுனாரு. நாங்க ஜாடையில பேசிக்கினோம். போறவங்க வர்றவங்க, "யாருப்பா போயிட்டாங்க?"ன்னு எட்டிப் பார்த்தாங்க. பாப்பா நாள் முழுக்க தலகாணியை காதுல அமுக்கிக்கினு சுருண்டு கிடந்தா. இவ்ளோ அமைதியா வெச்சும் ஏன் குறையலன்னு நைனா அழுதாரு.

அம்மாதான் யாரையும் கேக்காம ஒரு சனிக்கிழமை அவளை இழுத்துக்கினு மேடம் கிளினிக்குக்கு கிளம்புனாங்க. நாங்க பின்னாடியே ஓடுனோம். மேடம் கலர் பென்சில் குடுத்து, "அது எப்படி இருக்குது கண்ணு, வரைஞ்சு காட்டு"ன்னாங்க. பாப்பா பேப்பர் கிழியுற அளவுக்கு கறுப்பா கிறுக்குனா.

அம்மா, "பெருசா ஒண்ணும் இல்ல மேடம், பயந்துக்கினு..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"உங்க காதுலயா கேக்குது? இல்லல்ல? அப்ப கொஞ்சம் பேசாம இருங்கம்மா."

பாப்பா சிரிச்சுட்டா. எத்தனை நாள் கழிச்சு!

டெஸ்ட்ல, வலது காதுல கீச்சுன்னு வர்ற சத்தம் மட்டும் சரியா கேக்கல. மேடம் எங்ககிட்ட சொல்லல, அவகிட்ட சொன்னாங்க. "வெடியில உன் காது அடிபட்டிருக்குது. சத்தம் சரியா வரலன்னதும் மூளை வால்யூமை ஏத்தி வெச்சுக்கினு தேடுது. அதுதான் உன் மிக்சி. பேயும் இல்ல, நடிப்பும் இல்ல."

"எனக்கு மட்டுமா மேடம்?"

மேடம் டிராயரைத் தொறந்து மத்த பிள்ளைங்க வரைஞ்சதைக் காட்டுனாங்க. கொசு, குக்கர், ரயிலு. பாப்பா ஒவ்வொண்ணா பார்த்துட்டு, "இவனுது ரொம்ப சின்னது"ன்னா பெருமையா.

நைனா பெருமையா சொன்னாரு, "ஒரு மாசமா தறியே ஓட்டல மேடம். ஈ பறந்தா கூட கேக்கும்."

"அண்ணா, அந்த சத்தத்தோட பிள்ளையை ஒரே ரூம்ல போட்டுப் பூட்டிட்டீங்களே! அதை விட்டா அதுக்குக் கேக்க வேற என்ன இருக்குது? போய் தறியை ஓட்டுங்க."

"தறி சத்தத்துல காது இன்னும் போயிடாதா மேடம்?"

"அதை நான் அளந்து சொல்றேன்." நான் ஹெட்ஃபோன் மாட்டுன கதையை அம்மா சொன்னதும் என் பக்கம் திரும்பி, "நீ எங்க படிச்ச? வைஃபை காலேஜா? அந்த ஹெட்ஃபோன் இனிமே இவ தலைக்கு வரக்கூடாது."

மறுநாள் சத்தம் அளக்குற கருவியோட வீட்டுக்கே வந்துட்டாங்க. நைனாவை நெய்யச் சொல்லிட்டு, பாப்பா உக்காருற உள் ரூம்ல நின்னு அளந்தாங்க. "இங்க இந்த அளவு பயம் இல்ல. கதவைப் பாதி சாத்துங்க." அன்னைக்கு மத்தியானம் சாப்ட்டுட்டு பாப்பா அந்த ரூம்லயே தூங்கிட்டா. நைனா பார்த்துட்டு தறியை நிறுத்தப் போனாரு. அம்மா கையாலயே "ஓட்டு, ஓட்டு"ன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் மனுஷன் எழுந்திரிக்கவே இல்ல.

ஸ்கூலுக்கும் மேடமே வந்தாங்க. "கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்து சிரிப்பீங்களா டீச்சர்? இதுக்கு மட்டும் ஏன் சிரிச்சீங்க?" அந்தம்மா மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்! அடுத்த திங்கட்கிழமை பாப்பா முன் பெஞ்சுல உக்காந்தா.

சத்தம் முழுசா போகல. மொத நாளே மேடம் சொல்லிட்டாங்க, "போகலாம், போகாமலும் இருக்கலாம். போயே தீரும்னு மருந்து விக்கிறவனை வாசல்லயே அனுப்பிடுங்க." பாப்பா இப்ப பத்தாவது. பரீட்சை நேரத்துல ஏறும். "ஏறியிருக்குது, போயிடும்"னு சொல்லிட்டு படிச்சுக்கினு இருப்பா.

எனக்குன்னு மேடம் விட்டுட்டுப் போனது ஒரு பழக்கம். குழந்தை ஒண்ணு சொன்னா எதிர்ல உக்காந்து, "எப்படி இருக்குது, சொல்லு"ன்னு கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கினு இருக்கணும். எனக்கு ரெண்டாவதுதான் கஷ்டம்.

வர்ற சனிக்கிழமையும் விஷயம் தெரியாம யாராவது பிள்ளையைக் கூட்டிக்கினு அந்த மாடி ஏறுவாங்க. பூட்டைப் பார்த்துட்டு, "ஒண்ணும் இல்ல வா, போலாம்"னு அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கினு போயிடுவாங்க. விடக்கூடாது. மேடம் பார்த்த பிள்ளைங்க, அப்பா அம்மாங்க, எல்லாரும் பத்து மணிக்கு கிளினிக் வாசலுக்கு வாங்க. வேற எந்த ஊர்ல நல்ல ஆடியாலஜிஸ்ட் இருக்காங்கன்னு தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க, அங்க அனுப்பலாம். பெரியப்பா, நீங்களும் வாங்க, ஆனா பேசாதீங்க. ஷேர் பண்ணுங்க மக்களே. அந்தப் பிள்ளை படியிறங்குறதுக்குள்ள நம்மள்ல ஒருத்தராவது அங்க இருக்கணும்.